மேடையில் ஆடுபவள்: முதல் மாலைக்கு எந்த மௌனப் படம்?

மேடையில் ஆடுகிற பெண், அவளைப் பார்த்துக் கிறங்கும் ஆண், கடைசியில் ஒரு சாவு. மௌனப் பட காலத்தில் ஐரோப்பியர்கள் இந்தக் கதையை அலுக்காமல் எடுத்துத் தள்ளினார்கள். சாப்ளினையும் பஸ்டர் கீட்டனையும் தாண்டி மௌனப் படம் எதுவும் பார்க்காத நாலைந்து பேருக்கு, ஒரு மாலையில், இந்த வகையில் ஒன்றைப் போட்டுக் காட்ட வேண்டும் என்றால் எதைப் போடுவது? விவரம் தெரிந்த யாரைக் கேட்டாலும் உடனே வரும் பதில் ‘பண்டோராவின் பெட்டி’. ஐந்தில் அதுதான் பெரிய படம், சந்தேகமில்லை. ஆனால் முதல் மாலைக்கு அது சரிவராது என்பது என் கட்சி.

ஐந்து என்று நான் சொல்வது இவற்றை: உர்பன் காட் டென்மார்க்கில் எடுத்த ‘அஃப்குருண்டன்’ (1910), இ. ஏ. டுபோன்ட் ஜெர்மனியில் எடுத்த ‘வரியேட்டே’ (1925), ழான் ரெனுவாரின் ‘நானா’ (1926), அதே டுபோன்ட் லண்டனுக்குப் போய் எடுத்த ‘பிக்காடிலி’ (1929), ஜி. டபிள்யூ. பாப்ஸ்ட்டின் ‘பண்டோராவின் பெட்டி’ (1929). மார்லீன் டீட்ரிச் நடித்த ‘நீல தேவதை’யை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். 1930இல் வந்த அது பேசும் படம். அவள் பாட்டை எடுத்துவிட்டால் அங்கே பாதிப் படம் இல்லை. குரலே இல்லாமல் ஒருத்தி ஒரு அரங்கத்தை எப்படிக் கட்டிப்போடுகிறாள் என்பதுதான் நம் வேடிக்கை.

இந்தப் படங்களை எடைபோட நான் வைத்திருக்கும் கேள்வி ஒன்றுதான். அவள் ஆடும்போது கேமரா எங்கே நிற்கிறது? பார்வையாளர் நாற்காலியிலா, திரைக்குப் பின்னாலா, அவள்மேல் கண் வைத்திருக்கும் ஆணின் தோளிலா? படம் யாருடையது என்பது அங்கேயே தெரிந்துவிடும். ‘மயக்குகிறவள்’ என்று போஸ்டரில் போட்டுவிட்டு, மயங்கியவனின் கதையை மட்டும் சொல்லி முடிக்கிற படங்கள்தான் இந்த வகையில் அதிகம்.

பண்டோராவிலிருந்தே தொடங்கலாம். ஃபிராங்க் வெடெகிண்ட் லூலு என்ற பெண்ணை வைத்து எழுதிய இரண்டு நாடகங்களிலிருந்து எடுத்தது. பத்திரிகை முதலாளி டாக்டர் ஷோனின் ஆசைநாயகி லூலு. அவர் ஒரு அமைச்சரின் மகளைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறார். லூலுவைக் கைகழுவ அவர் கண்டுபிடிக்கும் வழி, தன் மகன் ஆல்வா நடத்தும் மேடைக் காட்சியில் அவளை ஆடவிடுவது. அந்த மேடைக் காட்சிப் பகுதி மௌனப் படம் எட்டிய உச்சங்களில் ஒன்று. அதில் லூலு ஆடுவதை நாம் சரியாகப் பார்ப்பதுகூட இல்லை! கேமரா முழுக்கத் திரைக்குப் பின்னால்தான். செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள், உடை மாற்றுபவர்கள், வியர்த்துக் கொட்டும் மேடை மேலாளர், நடுவில் இறகுகளும் ஜிகினாவும். ஷோன் தன் வருங்கால மனைவியோடு வந்து நிற்பதைப் பார்த்ததும் லூலு ‘ஆட மாட்டேன்’ என்று அடம்பிடிக்கிறாள். ‘அவளுக்கு முன்னால் ஆட மாட்டேன்’ என்பதுதான் விஷயம். சமாதானப்படுத்த மேடைச் சாமான் அறைக்குள் போன ஷோன் சமாதானமாகிவிடுகிறார். கதவைத் திறந்துகொண்டு மகனும் மணமகளும் வந்து நிற்கும்போது லூலு பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே படத்தைப் பார்க்கலாம். அப்புறம் அவள் நிமிர்ந்து மேடைக்குப் போகிறாள். ஆட்டம் ஏற்கனவே முடிந்துவிட்டது.

லூலுவாக நடித்த லூயிஸ் புரூக்ஸ் கான்ஸஸ்காரர். சின்ன வயதிலேயே நடனக் குழு, பிறகு நியூயார்க்கில் சீக்ஃபெல்ட் நடத்திய ஆடம்பர நடனக் காட்சிகளின் மேடை, பிறகு ஹாலிவுட்டில் பாரமவுண்ட் ஸ்டுடியோ. சம்பள உயர்வு மறுக்கப்பட்டதும் அங்கிருந்து விலகி பெர்லினுக்கு வந்தார். டீட்ரிச்சையே போட்டுவிடலாம் என்று பாப்ஸ்ட் யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. ஜெர்மானிய லூலுவை ஒரு அமெரிக்கப் பெண் செய்வதா என்று அங்கே முணுமுணுப்பு. படம் வந்தபோது, இந்தப் பெண் நடிக்கவே இல்லையே என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்கள். கையை உதறி, கண்ணை உருட்டி நடிப்பதுதான் நடிப்பு என்றிருந்த காலத்தில் அவர் சும்மா நிற்கிறார், சிரிக்கிறார், திரும்புகிறார். இன்றைக்குப் பார்க்கும்போது அவர் நேற்று எடுத்த படத்திலிருந்து வந்தவர்போல இருப்பதற்கும் அதுவே காரணம்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் வேண்டாம் என்கிறேன்? முதல் காரணம் நீளம். முழுப் பிரதி இரண்டே கால் மணி நேரத்தை ஒட்டி ஓடும். மேடைப் பகுதி முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது. அப்புறம் கல்யாணம், துப்பாக்கி, நீதிமன்றம், சூதாட்டக் கப்பல், லண்டன் பனிமூட்டம். அதாவது மேடைப் பெண்ணின் கதை என்று கூப்பிட்டு உட்கார வைத்தால், ஒரு மணி நேரத்துக்குப் பிறகு அது வேறு படமாகிவிடும். கப்பல் பகுதியில் புதியவர்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, லூலு எதையும் விளக்குவதில்லை. அவள் கெட்டவளா, குழந்தையா, ஆண்கள் தாங்களாகவே போய் விழுகிறார்களா? படம் பதில் சொல்லாது. மௌனப் படத்தின் நடைக்குப் பழகிய கண்ணுக்கு அது சுகம். பழகாத கண்ணுக்குக் குழப்பம்.

அடுத்து ‘வரியேட்டே’. புதியவர்களை உட்கார வைக்கும் படம் என்றால் இதுதான், ஒன்றரை மணி நேரத்தை ஒட்டியது. சிறையில் 28 என்ற எண் குத்திய சட்டையோடு ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். அவன் தன் கதையைச் சொல்கிறான். ஒரு காலத்தில் ட்ரப்பீஸ் (அந்தரத்து ஊஞ்சல்) கலைஞனாக இருந்த ஹூலர், விபத்துக்குப் பிறகு ஹாம்பர்க் துறைமுகத்தில் கூடாரக் காட்சி நடத்திக்கொண்டு மனைவி, குழந்தையோடு இருக்கிறான். கப்பலில் வந்த ஒரு பெண்ணை ஒரு மாலுமி கொண்டுவந்து விடுகிறான். கப்பலின் பெயரே அவளுக்கும்: பெர்டா-மரீ. அவள் கூடாரத்தில் ஆடுகிறாள். ஹூலர் மனைவியையும் பிள்ளையையும் விட்டுவிட்டு அவளோடு கிளம்பிவிடுகிறான். இது நமக்குப் பூம்புகாரிலேயே பார்த்த கதை, விளக்க வேண்டியதில்லை. இருவரும் பெர்லின் வின்டர்கார்டன் அரங்கில் ஆர்டினெல்லி என்ற நட்சத்திரத்தோடு சேர்ந்து அந்தரத்தில் பறக்கிறார்கள். மூன்று பேர், ஒரு ஊஞ்சல், ஒருவன் கையை இன்னொருவன் பிடித்தாக வேண்டும். முக்கோணக் காதலுக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் உண்டா?

ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் கேமராவை ஊஞ்சலிலேயே ஏற்றிவிட்டார். அரங்கமே கீழே சுழல்கிறது, பார்வையாளர்களின் கண்கள் திரை முழுக்க மிதக்கின்றன. கொலைக் காட்சியில் இருவரும் கீழே புரள்கிறார்கள், திரையில் யாருமே இல்லை, கத்தி பிடித்த கை மட்டும் மேலே வருகிறது. நூறு வருடம் ஆகியும் யாருக்கும் சலிக்காத இடங்கள் இவை. ஹூலராக வரும் எமில் யானிங்ஸ் முகத்தைக் காட்டாமல் முதுகாலேயே நடிக்கிறார். சில ஆண்டுகளில் சிறந்த நடிகருக்கான முதல் ஆஸ்கரை வாங்கப்போகிறவர், நீல தேவதையில் மறுபடி இதே மாதிரி ஒரு பெண்ணால் கவிழப்போகிறவர்.

குறை என்ன? லியா டி புட்டி ஏற்ற பெர்டா-மரீயை அவள் கண்ணிலிருந்து படம் பார்ப்பதே இல்லை. கேமரா ஊஞ்சலில் போகிறது, ஆனால் ஹூலரின் ஊஞ்சலில். அவள் ஏன் ஹூலரோடு வந்தாள், ஆர்டினெல்லியிடம் ஏன் போனாள் என்பதெல்லாம் படத்துக்குக் கேள்வியே இல்லை. 1926இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது ஒழுக்கத்தைக் காப்பாற்றுவதற்காக ஹாம்பர்க் பகுதியை வெட்டி, பெர்டா-மரீயையே ஹூலரின் மனைவியாக்கிவிட்டார்கள். துரோகம் செய்துவிட்டு ஓடிவந்தவன் ஒரே வெட்டில் ஏமாற்றப்பட்ட உத்தம புருஷன் ஆகிவிட்டான். அந்த வெட்டுப் பிரதி இன்னும் இணையத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தைத்தான் போடுவது என்றால் 2015இல் புதுப்பித்த முழுப் பிரதியா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

‘நானா’வைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் நாவல், ரெனுவாரின் பணம். அப்பா ஓகுஸ்த் ரெனுவார் வரைந்த ஓவியங்களை விற்று எடுத்த படம், போட்ட காசு திரும்பவில்லை. நாயகி கேத்தரீன் ஹெஸ்லிங் அவர் மனைவி, அதற்கு முன் அப்பாவின் ஓவியங்களுக்கு மாடலாக இருந்தவர். அவர் நடிப்பு சாவி கொடுத்த பொம்மைபோல வெட்டி வெட்டி நகரும். வேண்டுமென்றே அப்படித்தான் செய்கிறார், அதுவும் சிலருக்குப் பிடிக்கும். நானாமேல் பித்தான கவுன்ட் முஃபா மிட்டாய்க்காக நாய்போல மண்டியிடும் காட்சி யாருக்கும் மறக்காது. ஆனால் இரண்டரை மணி நேரம். நாவலைப் படித்தவர்கள், ரெனுவாரின் பின்னாளைய படங்களை விரும்புபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் பார்க்கலாம். நாலு பேரைக் கூப்பிட்டுப் போட்டால் நட்பு கெடும்.

இனி ‘பிக்காடிலி’. என் ஓட்டு இதற்குத்தான்.

படம் தொடங்கும்போதே ஒரு சிரிப்பு வரும். நடிகர்கள் பெயரெல்லாம் லண்டன் தெருவில் போகும் மாடிப் பேருந்துகளில் விளம்பரமாக வருகின்றன. கதை நடக்கும் இடம் பணக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டே நடனம் பார்க்கும் ஒரு கிளப். மேபல், விக்டர் என்ற ஜோடி அங்கே நட்சத்திரம். ஒரு நாள் ஒரு வாடிக்கையாளர் தட்டில் அழுக்கு என்று கத்துகிறார். கொஞ்ச நேரமே வரும் அந்தச் சிடுசிடுப்பான ஆள் யார் என்று பார்த்தால், பின்னாளில் பெரிய நடிகரான சார்லஸ் லாட்டன். முதலாளி வில்மட் அழுக்குத் தட்டின் மூலத்தைத் தேடிக் கீழே இறங்குகிறார். சமையலறை, அதற்கும் கீழே பாத்திரம் கழுவும் இடம். அங்கே எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஒரு திசையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மேசைமேல் ஒரு சீனப் பெண், ஷோஷோ, மெல்ல ஆடிக்கொண்டிருக்கிறாள். காலில் போட்டிருக்கும் சாக்ஸ் கிழிந்திருக்கிறது.

மற்ற நாலு படங்களிலும் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. ஆட்டம் இங்கே முதலில் வேலைக்காரர்களுக்கு நடுவே நடக்கிறது, காசு கொடுத்தவனுக்காக அல்ல. மேலே பளபளக்கும் தரை, கீழே கழுவாத தட்டு, நடுவில் படிக்கட்டு. டுபோன்ட் கேமராவை அந்தப் படிக்கட்டில் ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்கிறார். வில்மட் அவளை அப்போதே வேலையைவிட்டு அனுப்பிவிடுகிறார். விக்டர் விலகி, கூட்டம் குறைந்த பிறகுதான் அவள் நினைவு வருகிறது. கூப்பிட்டால் ஷோஷோ வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருவதில்லை. என்ன உடை, அதை எந்தக் கடையில் வாங்குவது, யார் வாசிப்பது என்று எல்லாவற்றையும் அவள்தான் சொல்கிறாள். அவளுடைய ஆள் ஜிம் வாசித்தால்தான் ஆடுவாள். ஒப்பந்தத்தில் சீன எழுத்தில் கையெழுத்துப் போடுகிறாள். அது அந்த நடிகையின் உண்மையான சீனப் பெயர். இந்த வகைப் படத்தில் கூலி பேசித் தீர்த்துவிட்டு மேடையேறும் பெண்ணை நான் வேறு எங்கும் பார்க்கவில்லை.

அந்த நடிகை அன்னா மே வாங். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன வம்சாவளி. ஹாலிவுட்டில் அடிமைப்பெண், சூழ்ச்சிக்காரி என்றே வேடம் கொடுத்துக்கொண்டிருந்ததால் 1928இல் ஐரோப்பாவுக்குக் கிளம்பினார். இந்தப் படத்திலும் பெயர்ப் பட்டியலில் முதலிடம் மேபலாக வரும் கில்டா கிரேவுக்குத்தான். அவர் தோளைக் குலுக்கி ஆடும் ஷிம்மி நடனத்தால் அமெரிக்காவில் புகழ்பெற்றவர். ஆனால் வாங் வந்த பிறகு யாரும் மேபலைப் பார்க்க மாட்டார்கள், அதுதான் கதையும்கூட. வாங்கின் கண் அசைவு ஒவ்வொன்றும் கணக்குப் போட்டது போலிருக்கும், ஆனால் கணக்கு வெளியே தெரியாது.

படத்தின் மேல் புகார்கள் உண்டு, அவற்றையும் பார்ப்பவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது. ஷோஷோவின் மேடை உடை சீனத்தைவிடத் தாய்லாந்து, பாலி பக்கம் சாய்கிறது. கிழக்கு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்ற வெள்ளைக்காரப் பார்வை. அவளும் வில்மட்டும் நெருங்கும் இடத்தில் முத்தம் வரைக்கும் வந்து காட்சி நழுவிவிடும். வெள்ளையரும் ஆசியரும் திரையில் முத்தமிடக்கூடாது என்றிருந்த காலம். முடிவில் யார் சாக வேண்டும் என்பதையும் அந்தக் காலமே தீர்மானித்துவிட்டது. அதே நேரம், லண்டனில் சீனர்கள் வாழ்ந்த லைம்ஹவுஸ் பகுதியின் மதுக்கடைக் காட்சியையும் பாருங்கள். கறுப்பின ஆணோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் ஆடியதற்காகக் கடைக்காரர் அவளை வெளியே தள்ளுகிறார். ஷோஷோவும் வில்மட்டும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், எதுவும் பேசுவதில்லை. படத்தை எடுத்தவர்களுக்கு விஷயம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

ஒரு மணி ஐம்பது நிமிடம். படம் முடிந்ததும் பேச்சு தானாக வரும்: கூலி, நிறம், மேபலின் வயது, ஜிம். பண்டோரா முடிந்ததும் வருவது அமைதி. புதியவர்கள் இருக்கும் அறையில் எனக்குப் பேச்சு வேண்டும்.

இதற்கு முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் கிடைத்தால் ‘அஃப்குருண்டன்’ போடுங்கள், ஓட்டம் நாற்பது நிமிடத்துக்குள். 1910 செப்டம்பரில் கோபன்ஹேகனில் வெளிவந்தது, ஆஸ்டா நீல்சனின் முதல் படம். மேடை நடிகையாக இருந்தும் பெரிதாகக் கவனிக்கப்படாதவர், இந்த ஒரு படத்தால் ஐரோப்பா முழுக்கத் தெரிந்த முகமானார். அடுத்த ஆண்டே ஜெர்மனி அழைத்துக்கொண்டது. பியானோ டீச்சர் ஒருத்தி, பாதிரியார் மகனோடு நிச்சயமான கல்யாணத்தை விட்டுவிட்டு சர்க்கஸ்காரனோடு ஓடுகிறாள். பிறகு மேடையில் அவனைக் கயிற்றால் கட்டிவிட்டு அவனைச் சுற்றி இடுப்பை அசைத்து ஆடுகிறாள். பல ஊர்த் தணிக்கையாளர்கள் கத்தரியைத் தேடியது இந்த நடனத்துக்காகத்தான். கேமரா பார்வையாளர் பக்கம் இல்லை, மேடையின் பக்கவாட்டில் நிற்கிறது. அவள் ஆடுவது நமக்காக அல்ல, திரைக்கு வெளியே இருக்கும் யாருக்காகவோ. படம் முழுக்க அவளோடுதான் போகிறது, கடைசிக் காட்சி வரை. சினிமா பிறந்து பதினைந்து வருடத்தில் இவ்வளவு தெளிவு! இதே நீல்சன் 1923இல் லூலுவாகவும் நடித்தார், புரூக்ஸுக்கு ஆறு வருடம் முந்தி.

பிரதி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மௌனப் படம் பிடிக்கவில்லை என்பவர்களில் பாதிப் பேர் பார்த்தது மங்கலான, வேகம் தப்பிய பிரதிதான். அந்தக் காலப் படங்கள் வினாடிக்கு 24 சட்டகம் என்ற கணக்கில் எடுக்கப்பட்டவை அல்ல. பெரும்பாலும் அதற்குக் கீழே. அதை 24இல் ஓட்டினால் எல்லாரும் குடுகுடுவென்று ஓடுவார்கள், துயரக் காட்சி கோமாளிக் கூத்தாகிவிடும். பிக்காடிலிக்கு பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் புதுப்பித்த பிரதி இருக்கிறது. அம்பர், நீலம் எனக் காட்சிக்குக் காட்சி சாயமேற்றியது, நீல் பிராண்டின் இசையோடு வரும். அஃப்குருண்டனை டேனிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தன் மௌனப் படத் தளத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது.

இசையில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. வரியேட்டேவின் 2015 பிரதிக்கு லண்டனின் டைகர் லில்லீஸ் குழு பாட்டுப் பாடியே இசை அமைத்திருக்கிறது. மௌனப் படத்தின் மேல் ஒருவர் வார்த்தையோடு பாடினால் யாரைப் பார்ப்பது? அமெரிக்கப் பதிப்பில் பெர்க்லீ இசைக் கல்லூரி மாணவர்கள் அமைத்த இசை இருக்கிறது, அதையே தேடுங்கள். உங்கள் ஊரில் கீபோர்டு வாசிக்கிற, அவசரப்படாத ஆள் ஒருவர் இருந்தால் நேரடியாக வாசிக்கச் சொல்வது இன்னும் நல்லது. படத்தை முன்கூட்டி ஒருமுறை அவருக்குப் போட்டுக் காட்டிவிடுங்கள்.

பொது இடத்தில் திரையிடுவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள். இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் காப்புரிமை வெளியான ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டு. இந்த ஐந்துமே அதைத் தாண்டிவிட்டன. ஆனால் புதிதாக அமைத்த இசைக்குத் தனி உரிமை உண்டு. அனுமதி வாங்குங்கள், அல்லது மறுபடியும் அந்தக் கீபோர்டுக்காரர்தான்.

வசனத்துக்காக நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் ஆங்கிலத்திலோ வேறு ஐரோப்பிய மொழியிலோ இருக்கும். யாராவது ஒருவர் தமிழில் உரக்கச் சொன்னால் போதும். மௌனப் பட நாட்களில் நம்மூர்க் கொட்டகைகளிலும் அட்டையைப் படித்துக் கதை சொல்ல ஓர் ஆள் இருந்தார். அதனால் இது புதுப் பழக்கமும் இல்லை. பிக்காடிலியில் அட்டைகள் குறைவாகப் படுவதற்குக் காரணம் வாங்கின் முகம். சொல்பவர் அடக்கி வாசிக்கட்டும்.

ஆக, முதல் மாலைக்கு அஃப்குருண்டன், பத்து நிமிட டீ இடைவேளை, பிக்காடிலி. வந்தவர்களுக்கு மௌனப் படமே பயம், பாதியில் எழுந்துவிடுவார்கள் என்று தோன்றினால் மட்டும் பிக்காடிலிக்குப் பதில் வரியேட்டே. அப்போது பெர்டா-மரீயின் பக்கத்தை யார் பேசுவது என்று படம் முடிந்ததும் ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். இன்னொரு மாலைக்கும் இதே ஆட்கள் வருகிறேன் என்றால் பண்டோராவை எடுக்கலாம். அன்றைக்கு டீயை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். நடுவில் நிறுத்தக்கூடாத படம் அது.